ஜாவாவின் உள் கிளாஸ்களும் பிரைவேட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சனி, ஞாயிறுகளில் ஜாவா வகுப்பு எடுக்கிறேன். திருப்பாதிரிப்புலியூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். எல்லை தாண்டி பாகூர், கிருமாம்பாக்கத்திலிருந்தும் சிலர் வருகிறார்கள். உள் கிளாஸ் பாடம் நடத்தும் வாரம் மட்டும் வகுப்பு குறித்த நேரத்துக்கு முடிந்ததே இல்லை. பலகையில் திரும்பத் திரும்ப எழுதிய பதில்களைக் கேள்விகளோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே உதாரணம்: ஒரு முந்திரிக் கடை. வெளி கிளாஸின் பெயர் ‘கடை’. அதில் ‘கல்லா’, ‘கடன்’ என்று இரண்டு பிரைவேட் ஃபீல்டுகள், இரண்டுமே இன்ட், அதாவது முழு எண். கடைக்குள்ளேயே ‘பில்’ என்று ஒரு கிளாஸ்; இதுதான் உள் கிளாஸ். அதற்குச் சொந்தமாக ‘தொகை’ என்று ஒரு பிரைவேட் ஃபீல்டு. ஜாவா யூனிகோடு எழுத்துகளைப் பெயர்களில் ஏற்பதால் இவற்றைத் தமிழிலேயே தட்டி ஓட்டிப் பார்க்கலாம். வகுப்பிலும் அப்படித்தான் செய்து காட்டுகிறேன்.

பில் கிளாஸ் கடையின் கல்லாவைத் தொட முடிகிறதே, அப்புறம் அதற்கு எதற்கு சார் பிரைவேட் என்று பெயர்?

பிரைவேட் என்றால் ‘இந்தக் கிளாஸுக்குள் மட்டும்’ என்று பல பாடக்குறிப்புகளில் இருக்கிறது. நானும் அப்படித்தான் படித்தேன். ஜாவா மொழி விதி சொல்வது வேறு. ஒரு பிரைவேட் உறுப்பு எந்த வெளி கிளாஸின் உடலுக்குள் அறிவிக்கப்பட்டிருக்கிறதோ, அந்த உடல் முழுக்க அதைத் தொடலாம். எல்லாவற்றுக்கும் வெளியே நிற்கும் கிளாஸின் முதல் அடைப்புக்குறியிலிருந்து கடைசி அடைப்புக்குறி வரை ஒரே வீடு. வீட்டுக்குள் எத்தனை அறை இருந்தாலும் அறைக்கு அறை பூட்டு கிடையாது, தெருவாசலில்தான் பூட்டு.

அப்படியானால் கடையும் பில்லின் தொகையைத் தொடலாமா?

தொடலாம். உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே, கடைக்குள்ளேயே இருக்கும் இன்னொரு உள் கிளாஸிலிருந்து பில்லுக்கு என்று எல்லாத் திசையிலும் திறப்பு உண்டு. வேறு மொழியிலிருந்து வருகிறவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். சி++ மொழியில் 2011 தரம் முதல் உள் கிளாஸ் வெளி கிளாஸின் பிரைவேட்டைத் தொடலாம், ஆனால் வெளி கிளாஸுக்கு உள்ளே எந்தச் சலுகையும் இல்லை. சி ஷார்ப்பிலும் அதே ஒருவழிப் பாதைதான். கோட்லினிலும் வெளி கிளாஸுக்கு உள் கிளாஸின் பிரைவேட் தெரியாது. ஆண்ட்ராய்டு படிக்கும் பிள்ளைகள் காலையில் கோட்லினும் மாலையில் ஜாவாவும் எழுதுகிறார்கள். அவர்கள் இந்த வேறுபாட்டை ஒரு தாளில் எழுதி மேஜையில் ஒட்டிக்கொள்வது நல்லது.

ஜேவிஎம்முக்கு இந்த விதி தெரியுமா?

ஜேவிஎம் என்பது கம்பைலர் தரும் கிளாஸ் கோப்புகளை ஓட்டும் இயந்திரம். அதற்கு 2018 வரை தெரியாது. இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற எல்லாக் கேள்விகளும் இந்த ஒரு பதிலிலிருந்து கிளைத்தவைதான்.

ஜாவா 1.0 வெளிவந்தபோது உள் கிளாஸ் என்ற ஒன்றே மொழியில் இல்லை. 1997 பிப்ரவரியில் வந்த 1.1 பதிப்பில்தான் அது சேர்ந்தது. சேர்த்தவர்கள் ஜேவிஎம்மை மாற்றவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் அப்படியே இருக்கட்டும், உள் கிளாஸ் என்பதைக் கம்பைலரே சமாளிக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். அதனால் கடை என்ற ஒரே மூலக் கோப்பைக் கொடுத்தால் கம்பைலர் இரண்டு கோப்புகளைத் தரும்: ஒன்று கடை, இன்னொன்று கடை$பில். ஜேவிஎம் பார்ப்பது இந்த இரண்டையும்தான். அதன் கணக்கில் இவை ஒரே பேக்கேஜில் (கிளாஸ்களின் தொகுப்பில்) இருக்கும் இரண்டு தனித்தனி கிளாஸ்கள். அதன் பிரைவேட் விதியோ மிகக் கண்டிப்பானது: அதே கிளாஸ் மட்டும், வேறு யாரும் கூடாது.

பாகூரிலிருந்து வரும் ஒரு மாணவி ஒருநாள் கேட்டார்: “எங்க ஊர் மாதிரியா சார்?” அன்றிலிருந்து அந்த உதாரணத்தைத்தான் சொல்கிறேன். புதுச்சேரி நிர்வாகத்தில் ஒன்று, நிலத்தில் பல துண்டு. காரைக்கால் தெற்கே தமிழ்நாட்டுக்கு நடுவே இருக்கிறது. மாஹே கேரளக் கரையில். ஏனாம் ஆந்திரத்தில், கோதாவரி ஓரம். பாகூருக்கும் புதுச்சேரி நகரத்துக்கும் போய் வருகிறவர்களுக்கு எல்லைப் பலகைகள் பழகிப்போனவை. நிர்வாகப் பட்டியலைப் பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே பிரதேசம். நில வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஊர்கள். மூலக் கோப்பைப் படிக்கும் கம்பைலரின் கையில் நிர்வாகப் பட்டியல் இருந்தது, ஜேவிஎம்மின் கையில் வரைபடம் மட்டும் இருந்தது.

கிளாஸ் கோப்பில் ‘இன்னர்கிளாஸஸ்’ என்ற குறிப்பு அப்போதே இருந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. இருந்தது. ஆனால் அனுமதி பார்க்கும்போது ஜேவிஎம் அதைக் கேட்டதே இல்லை.

தெரியாது என்றால் இருபது வருஷம் எப்படி ஓடியது?

கம்பைலர் சுவரில் ஒரு சன்னல் வைத்தது. பில் கிளாஸ் கல்லாவைப் படிக்கிறது என்று கண்டதும், கம்பைலர் கடை கிளாஸுக்குள் நாம் எழுதாத ஒரு மெத்தடைத் தானே எழுதிச் சேர்க்கும். அதன் பெயர் ஆக்சஸ்$000. அது ஒரு ஸ்டேட்டிக் மெத்தட். ஒரு கடையை வாங்கிக்கொண்டு அதன் கல்லாவைத் திருப்பித் தரும், வேறெதுவும் செய்யாது. அதற்குப் பிரைவேட் என்ற அடைமொழி கிடையாது. பேக்கேஜ் முழுவதற்கும் திறந்திருக்கும். நாம் பில்லுக்குள் ‘கல்லா’ என்று எழுதிய இடத்தில் கம்பைலர் அந்த மெத்தடைக் கூப்பிடும் கட்டளையை வைத்துவிடும். ஜேவிஎம் பார்க்கும்போது பிரைவேட்டை யாரும் தொடவில்லை; ஒரே பேக்கேஜில் இருக்கும் ஒரு மெத்தடை இன்னொரு கிளாஸ் கூப்பிடுகிறது, அவ்வளவுதான்.

மனிதர் எழுதாமல் கம்பைலர் சேர்க்கும் இத்தகையவற்றுக்கு ‘சிந்தெடிக்’ என்று கோப்பிலேயே ஒரு முத்திரை உண்டு. பழைய ஜாவாவில், பிழை வந்த வழியைக் காட்டும் ஸ்டாக் டிரேஸில் ஆக்சஸ்$100 என்று ஒரு வரி வந்து, அதன் வரி எண்ணைத் தேடிப் போனால் கிளாஸின் தொடக்க வரியில் கொண்டுபோய் விடுவது இதனால்தான். அப்படி ஒரு மெத்தடை நாம் எழுதவே இல்லையே என்று பயப்பட வேண்டாம்.

அந்த எண்களுக்குப் பொருள் உண்டா?

ஜாவாவோடு வரும் ஜாவாசி கம்பைலரில் உண்டு. கடைசி இரண்டு இலக்கம் என்ன வேலை என்பதைச் சொல்லும். அதற்கு முன்னால் இருப்பது வரிசை எண். 00 என்றால் படிப்பது அல்லது மெத்தடைக் கூப்பிடுவது. 02 என்றால் மதிப்பு வைப்பது. 04, 06 முன்கூட்டியே ஒன்று கூட்டுவது, கழிப்பது. 08, 10 பின்னால் கூட்டுவது, கழிப்பது. 12 முதல் ‘கூட்டி வை’ வகைக் கட்டளைகள். பில்லுக்குள் கல்லாவோடு தொகையைக் கூட்டி வைத்தால் ஆக்சஸ்$012 பிறக்கும். ஒரே ஃபீல்டைப் படித்து, வைத்து, கூட்டினால் மூன்று மெத்தடுகள்.

இது ஜாவாசி தன் வசதிக்கு வைத்துக்கொண்ட வழக்கம், மொழி விதியில் இல்லை. எக்லிப்ஸ் என்ற நிரல் எழுதும் மென்பொருளின் கம்பைலர் ஆக்சஸ்$0, ஆக்சஸ்$1 என்று நேராக எண்ணிக்கொண்டு போகும்.

நான் எழுதாத கடை$1 என்று ஒரு கோப்பு வருகிறது. உள்ளே ஒன்றுமே இல்லை. வைரஸா?

வைரஸ் இல்லை, புதுப் பொருளை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரால் வந்தது. பில்லின் கன்ஸ்ட்ரக்டரைப் பிரைவேட்டாக வைத்துவிட்டு, கடைக்குள்ளிருந்து புது பில் உருவாக்கினால் கம்பைலருக்கு ஒரு சிக்கல். மெத்தடுக்கு ஆக்சஸ் என்று வேறு பெயர் வைக்கலாம், கன்ஸ்ட்ரக்டருக்கு வேறு பெயரே வைக்க முடியாது. பெயர் ஒன்றாக இருக்கும்போது வேறுபடுத்த ஒரே வழி, வாங்கும் பொருளை மாற்றுவது. ஆகவே கம்பைலர் கடை$1 என்று ஒரு வெற்று கிளாஸை உண்டாக்கி, அந்த வகையில் ஒரு கூடுதல் பாராமீட்டர் வாங்கும் இரண்டாவது கன்ஸ்ட்ரக்டரைச் சேர்க்கும். கூப்பிடும்போது அந்த இடத்தில் நல் (null, எதுவுமில்லை) அனுப்பும். நீங்கள் எழுதிய எந்தக் கன்ஸ்ட்ரக்டரோடும் அது மோதாது.

வெற்றுக் கோப்புதானே என்று அழித்துவிடாதீர்கள். அழித்தாலும் நிரல் பெரும்பாலும் ஓடும், ஏனென்றால் நல் அனுப்ப அந்தக் கிளாஸை ஏற்ற வேண்டியதில்லை. என்றைக்காவது ஏதோ ஒரு ஃபிரேம்வொர்க் பில்லின் கன்ஸ்ட்ரக்டர்களை, ஓடும்போதே கிளாஸின் உறுப்புகளைத் தேடிப் பார்க்கும் ரிஃப்ளெக்‌ஷனில் பட்டியலிடும்போது, அந்தப் பாராமீட்டரின் வகை எங்கே என்று தேடி, கிளாஸ் கிடைக்கவில்லை என்ற பிழையோடு நின்றுவிடும். அழித்தது யாருக்கும் நினைவிருக்காது.

இதெல்லாம் உள்ளே நடக்கும் விஷயம். எனக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

இதற்கு நீண்ட பதில் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது.

வகுப்பு எடுக்கத் தொடங்குவதற்கு முன் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். கடைகளுக்கான பில்லிங் மென்பொருள், ஜாவா 6 காலம். வாடிக்கையாளர் இடத்தில் ஒரு சின்னத் திருத்தம் வேண்டியிருந்தது: பில் அடிக்கும் முன் அந்த ஆளுக்குக் கடன் பாக்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள் கிளாஸின் தொடக்கத்தில் ஒரே ஒரு வரி. முழு மென்பொருளையும் அனுப்ப அங்கே இணைய வேகம் போதாது. மாறியது உள் கிளாஸ்தானே என்று அந்த ஒரு கிளாஸ் கோப்பை மட்டும் அனுப்பி மாற்றச் சொன்னோம். நிரல் ஓடியது. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. மூன்றாம் நாள் கடைக்காரர் போன் செய்து, கல்லாவில் இருக்கும் பணம் கடனாகவும் கடன் கல்லாவாகவும் வருகிறது என்றார்.

நடந்ததை நம் உதாரணத்தில் சொல்கிறேன். பழைய நிரலில் பில் முதலில் கல்லாவைப் படித்தது, பிறகு கடனை. ஆகவே கடைக்குள் ஆக்சஸ்$000 கல்லாவைத் தந்தது, ஆக்சஸ்$100 கடனைத் தந்தது. புது வரி மேலே வந்ததும் கடன்தான் முதலில் படிக்கப்பட்டது. கம்பைலர் முதலில் எதிர்ப்படுவதற்கு முதல் எண் கொடுப்பதால் 000 கடனுக்குப் போய், 100 கல்லாவுக்கு வந்தது. புது கடை கோப்பும் அதற்கேற்ப மாறியிருந்தது. நாங்கள் அதை அனுப்பவில்லை. புது பில் ‘கடனைக் கொடு’ என்று நினைத்து 000-ஐக் கூப்பிட்டது. பழைய கடை 000 என்றால் கல்லா என்று எடுத்துக் கொடுத்தது. இரண்டுமே இன்ட் என்பதால் ஜேவிஎம்முக்குச் சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை. வகை வேறாக இருந்திருந்தால் அப்படி ஒரு மெத்தடே இல்லை என்று முதல் பில்லிலேயே நின்றிருக்கும். அன்றைக்கு அது பெரிய உபகாரமாக இருந்திருக்கும்.

மூலத்தை எத்தனை முறை படித்தாலும் தவறு தெரியவில்லை. மூலத்தில் தவறு இல்லையே. இரவு கிளாஸ் கோப்புகளைப் பிரித்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். கடைக்காரர் மூன்று நாள் கணக்கையும் கையால் திரும்ப எழுதினார். அவர் எழுதிக்கொண்டிருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரே மூலக் கோப்பிலிருந்து பிறந்த கிளாஸ் கோப்புகளை எப்போதும் சேர்த்தே அனுப்புங்கள், ஒன்றை மட்டும் பிரிக்காதீர்கள்.

அந்தச் சன்னல் வழியே வேறு யாராவது நுழையலாமா?

அதே பேக்கேஜில் இருப்பவர் நுழையலாம். சாதாரணமாக மூலத்தில் ஆக்சஸ்$000 என்று எழுதிக் கூப்பிட்டால் ஜாவாசி ஏற்காது, சிந்தெடிக் முத்திரை உள்ளதை அது கண்ணில் படாமல் மறைத்துவிடும். ஆனால் பைட்கோடை நேராக எழுதினாலோ, ரிஃப்ளெக்‌ஷனில் பெயரைக் கொடுத்துக் கேட்டாலோ தடையில்லை. மொழியில் பிரைவேட் என்று எழுதியது இயந்திரத்தில் பேக்கேஜ் அளவுக்குத் திறந்து கிடந்தது. நடைமுறையில் இதனால் பெரும் ஆபத்து வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். எழுதியவர் கேட்ட காவல் கிடைக்கவில்லை என்பது மட்டும் உண்மை.

கூடவே இன்னொன்று: உள் கிளாஸையே பிரைவேட் என்று அறிவித்தாலும் கிளாஸ் கோப்பில் அது பேக்கேஜ் அளவுக் கிளாஸாகத்தான் பதிவாகும். புரொடெக்டட் என்று அறிவித்தால் பப்ளிக்காகப் பதிவாகும். இது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

ஜாவா 11-இல் என்ன மாறியது?

ஜேவிஎம்மின் கையிலும் நிர்வாகப் பட்டியல் வந்தது. ஜேஇபி 181 என்ற திட்டத்தின் வழியாக, 2018 செப்டம்பர் 25 அன்று வெளியான ஜாவா 11-இல் ‘நெஸ்ட்’ என்ற கருத்து கிளாஸ் கோப்பிலேயே சேர்ந்தது. நெஸ்ட் என்றால் கூடு. ஒரே வெளி கிளாஸின் உடலுக்குள் பிறந்த அத்தனை கிளாஸ்களும், எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும், பெயரில்லாத கிளாஸ்கள் உட்பட, ஒரே கூட்டைச் சேர்ந்தவை.

இதற்கு இரண்டு பதிவுகள். வெளி கிளாஸில் ‘நெஸ்ட்மெம்பர்ஸ்’: என் கூட்டில் இருப்பவர்கள் இவர்கள். ஒவ்வொரு உள் கிளாஸிலும் ‘நெஸ்ட்ஹோஸ்ட்’: என் தலைமை இவர். ஜேவிஎம் இரண்டையும் ஒத்துப்பார்க்கும். புதுச்சேரியின் பட்டியலில் காரைக்கால் இருக்கிறது, காரைக்காலும் தன் தலைமை புதுச்சேரி என்கிறது, ஒத்துப்போகிறது. கடலூர் வந்து “என் தலைமையும் புதுச்சேரிதான்” என்று மட்டும் சொன்னால் எடுபடாது, அந்தப் பட்டியலில் அதன் பெயர் இல்லை. இதோடு இரு கிளாஸ்களும் ஒரே பேக்கேஜில், ஒரே கிளாஸ்லோடர் ஏற்றியவையாகவும் இருக்க வேண்டும். யாரோ நடுவில் ஒரு கிளாஸைச் செருகி உறவு கொண்டாட முடியாது.

ஒத்துப்போய்விட்டால் பிரைவேட்டை நேராகத் தொடலாம். பில் நேராக ‘கடையின் கல்லா’ என்றே கேட்கும். சன்னல் இல்லை, எண் இல்லை, கடை$1 இல்லை. நான் மேலே சொன்ன கல்லா–கடன் குழப்பம் இங்கே நடக்காது, ஏனென்றால் கோப்பில் இருப்பது ஃபீல்டின் பெயரே. மெத்தட் கூப்பிடும் கட்டளைகளும் கொஞ்சம் தளர்ந்தன: முன்பு பிரைவேட் மெத்தடை இன்வோக்ஸ்பெஷல் என்ற கட்டளையால்தான் கூப்பிட வேண்டும், இப்போது இன்வோக்விர்ச்சுவலே போதும்.

எனக்கு இந்த மாற்றத்தின் மேல் தனி மரியாதை உண்டு. எந்தப் புது எழுத்தும் மொழியில் சேரவில்லை. பயன்படுத்துகிறவர்களில் பலருக்கு மாறியதே தெரியாது. மூலத்தில் நாம் சொன்னதும் இயந்திரம் காப்பதும் 21 வருஷத்துக்குப் பிறகு ஒன்றாயின.

என்னிடம் ஜாவா 17 இருக்கிறது. இன்னும் ஆக்சஸ்$000 வருகிறதே?

எந்தப் பதிப்புக்காகக் கம்பைல் செய்கிறீர்கள் என்று பாருங்கள். மேவன், கிரேடில் போன்ற கம்பைல் செய்ய உதவும் கருவிகளின் கோப்பில் ரிலீஸ் 8 என்று இருந்தால், கம்பைலர் எவ்வளவு புதிதானாலும் ஜாவா 8-க்கான கோப்பைத்தான் தரும். அதில் கூடு கிடையாது, சன்னல்தான். கிளாஸ் கோப்பின் பதிப்பெண் 52 என்றால் ஜாவா 8. 55 அல்லது மேல் என்றால் கூடு இருக்கும்.

பதிப்பு சரியாக இருந்தும் வந்தால் அது பிரைவேட்டால் வந்ததல்ல. கூடு தீர்த்து வைத்தது பிரைவேட்டை மட்டும். கடை வேறு பேக்கேஜில் உள்ள ஒரு தாய் கிளாஸிலிருந்து புரொடெக்டட் உறுப்பைப் பெற்றிருந்து, பில் அதைத் தொட்டால் இன்றும் சன்னல் வேண்டும். பில்லுக்குள்ளிருந்து ‘கடையின் சூப்பர்’ மெத்தடைக் கூப்பிட்டாலும் அப்படியே. அப்போது பெயர் ஆக்சஸ்$001 என்று ஒற்றை எண்ணில் முடியும்.

சன்னல் வழியே போனால் நிரல் மெதுவாகுமா?

சர்வரில் ஓடும் ஜாவாவில் கவலைப்பட வேண்டாம். ஃபீல்டைப் படித்துத் தரும் அந்த மெத்தடின் உடல் வெறும் 5 பைட். ஹாட்ஸ்பாட் என்ற ஜேவிஎம்மில், ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிட் கம்பைலர் வழக்கமாக 35 பைட் வரையுள்ள சின்ன மெத்தடுகளைக் கூப்பிடும் இடத்திலேயே கரைத்துவிடும்.

ஆண்ட்ராய்டில் கதை வேறு. செயலியின் நிரல் இருக்கும் ஒரு டெக்ஸ் கோப்புக்குள் 65,536 மெத்தடுகளைத்தான் குறிப்பிட முடியும். நாம் எழுதாத ஆக்சஸ் மெத்தடுகளும் அந்தக் கணக்கில் சேரும். ஆரம்பகால போன்களில் கூப்பிடும் செலவும் உண்மையாகவே தெரிந்தது. உள் கிளாஸ் தொடுவதற்குப் பிரைவேட் போடாதே என்ற அறிவுரை அந்தக் காலத்தில் பிறந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து இன்றைக்கு ஒரு வங்கி சர்வர் நிரலில் சொல்வதில் பொருளில்லை. ஆண்ட்ராய்டின் டி8 கருவி கூட்டை உடைத்து மீண்டும் மெத்தடுகளாக்குவதும் உண்டு. ஸ்டாக் டிரேஸில் டாலர் குறிகளுக்கு நடுவே ‘நெஸ்ட்’ என்ற சொல்லோடு ஒரு மெத்தட் வந்தால் அதுதான்.

லாம்ப்டாவுக்கும் இதே கதையா?

இல்லை. லாம்ப்டா என்ற பெயரில்லாத சின்னச் செயலின் உடல் கடை கிளாஸுக்குள்ளேயே ஒரு பிரைவேட் மெத்தடாகப் போய் உட்காரும், லாம்ப்டா$ என்று தொடங்கும் பெயரில். அதே கிளாஸுக்குள் இருப்பதால் ஜாவா 8-இலும் சன்னல் தேவைப்படவில்லை.

மாறாத எண்ணோ சரமோ ஸ்டேட்டிக் ஃபைனலாக, அறிவிக்கும்போதே மதிப்போடு இருந்தாலும் சன்னல் வராது. கம்பைலர் மதிப்பையே எடுத்து அங்கே ஒட்டிவிடும்.

உள் கிளாஸை ஸ்டேட்டிக் ஆக்கினால் ஏதாவது மாறுமா?

பிரைவேட் அனுமதியில் எதுவும் மாறாது. மாறுவது வேறு: ஸ்டேட்டிக் அல்லாத பில்லுக்குள், தான் எந்தக் கடையின் பில் என்பதைச் சுமக்கும் மறைவான ஃபீல்டு ஒன்று இருக்கும், திஸ்$0 என்று. பில் உயிரோடு இருக்கும் வரை அந்தக் கடையும் நினைவகத்தை விட்டுப் போகாது. ஜாவா 18 முதல் ஜாவாசி, பயன்படுத்தாத இடத்தில் அந்த ஃபீல்டை விட்டுவிடுகிறது. சீரியலைஸ் ஆகும் கிளாஸ்களில் மட்டும் வைத்துக்கொள்ளும். வெளிக் கடை தேவையில்லை என்றால் ஸ்டேட்டிக் என்றே எழுதிப் பழகுங்கள்.

பில், கடையையே எக்ஸ்டென்ட் செய்தால் கல்லாவைத் தொட முடியவில்லை. ஏன்?

இன்டர்வியூவில் நிறையப் பேரை மடக்கும் கேள்வி இது. ஸ்டேட்டிக் பில், கடையின் வாரிசாகவும் இருக்கிறது, கடைக்குள்ளும் இருக்கிறது. இரட்டை உரிமை இருப்பதால் எளிதாகக் கிடைக்கும் என்று தோன்றும். வெறுமனே ‘கல்லா’ என்று எழுதினால், ஸ்டேட்டிக் அல்லாததை ஸ்டேட்டிக் சூழலிலிருந்து தொடக் கூடாது என்று பிழை வரும்.

அனுமதி வேறு, வாரிசுரிமை வேறு. பிரைவேட் உறுப்பு வாரிசுக்கு இறங்காது. ஆகவே பில்லிடம் தனக்கென்று ஒரு கல்லா கிடையாது. கம்பைலர் அடுத்து வெளியே தேடி, கடையின் கல்லாவைக் காண்கிறது. ஆனால் எந்தக் கடை? ஸ்டேட்டிக் பில்லுக்குச் சொந்தக் கடை இல்லை. ‘சூப்பர்.கல்லா’ என்று எழுதினால் சரியாகிவிடும். தன்னையே கடை வகையாக மாற்றிப் பார்த்துக் கேட்டாலும் கிடைக்கும். அனுமதி இருந்தது, கேட்ட முறைதான் தவறு. இதே காரணத்தால்தான் ‘கடையை எக்ஸ்டென்ட் செய்யும் டி’ என்று ஜெனரிக் வகை வைத்து அதன் வழியே கல்லாவைத் தொடுவதை ஜாவா 7 முதல் கம்பைலர் மறுக்கிறது.

ரிஃப்ளெக்‌ஷனில்?

ஜாவா 11-க்கு முன், பில்லுக்குள்ளிருந்து மூலத்தில் நேராகத் தொட முடிந்த அதே கல்லாவை ரிஃப்ளெக்‌ஷனில் கேட்டால் அனுமதி இல்லை என்ற பிழை வந்தது. தடையை நீக்க செட் ஆக்சஸிபிள் என்ற மெத்தடைப் போட வேண்டியிருந்தது. ரிஃப்ளெக்‌ஷன் ஜேவிஎம் விதியைப் பார்த்தது, சன்னலைப் பார்க்கவில்லை. இப்போது ஒரே கூட்டுக்குள் அது தேவையில்லை. கிளாஸ் பொருளிடம் கெட்நெஸ்ட்ஹோஸ்ட், ஈஸ்நெஸ்ட்மேட்ஆஃப் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் மெத்தடுகள் உண்டு.

எக்லிப்ஸ் மஞ்சள் கோடு போட்டு, சிந்தெடிக் மெத்தட் வரும் என்று எச்சரிக்கிறது. பிரைவேட்டை எடுத்துவிடட்டுமா?

எடுக்காதீர்கள். அந்த எச்சரிக்கையை அணைத்துவிடுங்கள். கல்லாவுக்குப் பிரைவேட் என்று எழுதுவது அதைப் படிக்கப்போகும் அடுத்த ஆளுக்காக: இந்தப் பணத்தை இந்த வீட்டுக்கு வெளியே யாரும் தொட மாட்டார்கள், நம்பி மாற்று என்று அவருக்குச் சொல்கிறோம். கம்பைலர் உள்ளே ஒரு மெத்தட் கூடுதலாக எழுதுகிறது என்பதற்காக அந்த வாக்கைத் திரும்பப் பெறுவது எனக்குச் சம்மதமில்லை. டெக்ஸ் எண்ணிக்கையில் உண்மையாகவே முட்டி நிற்கும் ஆண்ட்ராய்டு நிரல் என்றால் மட்டும் அளந்து பார்த்து முடிவெடுங்கள்.

நானே எப்படிப் பார்ப்பது?

கடை, பில் இரண்டையும் ஒரே கோப்பில் எழுதுங்கள்; பில்லுக்குள் கல்லாவைப் படியுங்கள், தொகையை அதில் கூட்டி வையுங்கள், பில்லின் கன்ஸ்ட்ரக்டரைப் பிரைவேட்டாக்கிக் கடையிலிருந்து கூப்பிடுங்கள். முதலில் ரிலீஸ் 8 என்று கொடுத்து ஜாவாசியை ஓட்டி, கோப்புறையில் எத்தனை கிளாஸ் கோப்புகள் என்று எண்ணுங்கள்: மூன்று இருக்கும். ஜாவாபி கருவியை மைனஸ் பி என்ற தேர்வோடு கடையின் மேல் ஓட்டினால் 000-இல் ஒன்றும் 012-இல் ஒன்றுமாக நீங்கள் எழுதாத மெத்தடுகள் தெரியும். பிறகு எல்லாக் கிளாஸ் கோப்புகளையும் அழித்துவிட்டு ரிலீஸ் 11 கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். இப்போது இரண்டே கோப்பு. மைனஸ் வி தேர்வோடு பார்த்தால், கடையின் கடைசிப் பக்கத்தில் நெஸ்ட்மெம்பர்ஸ் என்ற தலைப்பின் கீழ் கடை$பில் என்று ஒரே ஒரு பெயர் இருக்கும்.